மஞ்சள் இல்லாத சிட்டை

தேனியில் அல்லிநகரத்தைத் தாண்டி, பைபாஸ் ஓரத்தில் அந்தக் கடை திறந்து இரண்டு வருஷம் ஆகியிருந்தது. வாசலில் ஆள் உயரத்துக்கு இங்கிலீஷில் பெயர் எழுதிப் போட்டிருந்தார்கள். அது யார் வாயிலும் நுழையவில்லை. பள்ளத்தாக்கில் இருந்த பலசரக்குக்காரர்கள் எல்லாரும் கார்டுக்கடை என்று சொல்லிப் பழகிவிட்டார்கள். கார்டு இருந்தால்தான் உள்ளே விடுவார்கள். கடை லைசென்ஸைக் காட்டி, வருஷச் சந்தா கட்டி, கேமராவுக்கு முன்னால் மூஞ்சியைக் காட்டினால் கார்டு கிடைக்கும். அப்படி உள்ளே போனவனும் ஒரு சோப்பு, ஒரு பிஸ்கட் என்று எடுத்துவிட முடியாது. எடுத்தால் பெட்டியாக எடு, மூட்டையாக எடு, டின்னாக எடு. இல்லையென்றால் வேடிக்கை பார்த்துவிட்டு வீட்டுக்குப் போ.

சங்கிலியம்மாள் அந்த வாசலில் நின்று கார்டை நீட்டினாள். கார்டில் அவள் புருஷன் கருத்தக்கண்ணன் இருந்தார். மீசையை முறுக்கி, கன்னம் உப்பி, சந்தனக் கலர் சட்டையில் இருந்தார். செக்யூரிட்டி கார்டைப் பார்த்தான், அவளைப் பார்த்தான், பின்னால் நின்ற கொழுந்தன் ராக்கையாவைப் பார்த்தான்.

"கார்டுக்காரர் வரலையா?"

"அவுகளுக்கு ஒடம்புக்கு முடியல. கையெழுத்துப் போட்டு லெட்டர் குடுத்துவிட்டிருக்காக."

லெட்டரில் இருந்த கையெழுத்து கோணிக்கொண்டு கிடந்தது. செக்யூரிட்டி அதற்குமேல் கேட்காமல் விட்டான்.

மார்க்கையன்கோட்டையில் வீட்டின் முன்பக்கத்தையே கடையாக்கி இருபத்தாறு வருஷமாக வியாபாரம் பார்த்தவர் கருத்தக்கண்ணன். கார்டுக்கடைக்கு மாசம் ஒருமுறை பெண்டாட்டியோடுதான் வருவார். உள்ளே போனால் சின்னப் பிள்ளை மாதிரி ஆகிவிடுவார். கூரை வரைக்கும் அடுக்கிய அட்டைப்பெட்டிகளை அண்ணாந்து பார்த்து, "ஊரே ஒரு வருசம் உக்காந்து திங்கலாம் புள்ள" என்பார். ஆனால் கை மட்டும் லேசில் நீளாது. அதற்கு ஒரு கணக்கு வைத்திருந்தார். "மொதல்ல தேதியப் பாரு. அந்தத் தேதிக்குள்ள நம்ம கடையில தீருமான்னு பாரு. தீராட்டி நாம தின்னு தீக்க முடியுமான்னு பாரு. மூணுக்கும் இல்லைன்னா, சும்மா குடுத்தாலும் கைய எடுத்துரு." மலிவாகக் கிடைக்கிறதே என்று ஆசைப்பட்டு வாங்கி, தூசி படிய வைத்துக்கொண்டு உட்காரும் கடைக்காரர்களைக் கண்டால் அவருக்கு ஆகவே ஆகாது.

அந்த மனுஷனுக்குத்தான் மதுரை ஆஸ்பத்திரியில் தேதி சொல்லிவிட்டார்கள். வைகாசியில் கண்ணு மஞ்சளாக இருக்கிறதே என்று கீழாநெல்லி அரைத்துக் குடித்தார். பத்து நாள் கழித்து ஸ்கேன் எடுத்தால், ஈரலில் புற்று வந்து, வயிறு முழுக்கப் பரவி, மருந்துக்கு அடங்காத இடத்துக்குப் போயிருந்தது. டாக்டர் சங்கிலியம்மாளையும் ராக்கையாவையும் தனியாகக் கூப்பிட்டு, "ஒரு மாசம். மிஞ்சிப் போனா ஒன்றரை. வீட்டுக்குக் கூட்டிட்டுப் போங்க" என்றார். வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருந்தவரிடம் சங்கிலியம்மாள் என்ன சொன்னாள் தெரியுமா? ஈரல்ல வீக்கமாம், மருந்துல கரைஞ்சுருமாம் என்றாள். எங்கிருந்து அந்தப் பொய் வந்தது என்று அவளுக்கே தெரியாது. அவர் நம்பினார். வீட்டுக்கு வந்த அன்றைக்கே ஆடி மாசத்தைப் பற்றிப் பேச ஆரம்பித்துவிட்டார்.

ஆடிச் சனிக்கிழமை என்றால் குச்சனூரில் சனீஸ்வரனைப் பார்க்க ஊர் ஊராகச் சனம் வந்து குவியும். கோயிலுக்குப் போகிற வழியில் கருத்தக்கண்ணன் ஐந்து வாரமும் பந்தல் போடுவார். எள்ளுப் பொட்டலம், நல்லெண்ணெய், கற்பூரம், அர்ச்சனைத் தட்டு, பிள்ளைகளுக்குப் பந்து, பிஸ்கட். வருஷம் பூராவும் கடையில் கிடைப்பதில் பாதியை அந்த ஐந்து நாளில் பார்த்துவிடுவார். "வீக்கம் கரைஞ்சா நான் போயி உக்காருவேன். கரையாட்டி நீயும் ராக்கையாவும் உக்காருங்க, நான் பின்னால கட்டில்ல படுத்துக்கிறேன்" என்று சொல்லி, வாங்க வேண்டிய சாமானுக்குச் சிட்டை எழுதிக் கொடுத்தார். மேலே பிள்ளையார் சுழி. அதற்குக் கீழே முதல் வரி: மஞ்சள் குங்குமம் ஒரு பெட்டி.

அவர் எழுதுகிற எந்தச் சிட்டையும் அப்படித்தான் தொடங்கும். அவர் மட்டுமில்லை, அந்தப் பக்கத்தில் யார் எழுதினாலும் முதலில் மஞ்சள்தான். எழவு வீட்டுச் சிட்டை ஒன்றுக்குத்தான் சுழியும் கிடையாது, மஞ்சளும் கிடையாது. கடையில் யாராவது சிட்டையை நீட்டினால் கருத்தக்கண்ணன் முதல் வரியைப் பார்ப்பார். மஞ்சள் இருந்தால், "என்ன விசேசம்?" என்று வாய் நிறையக் கேட்பார். இல்லையென்றால் பேசாமல் நிறுத்துக் கட்டிக் கொடுப்பார். காசு வாங்கும்போதுகூட முகத்தைப் பார்க்கமாட்டார். போகிறவனிடம், "போயிட்டு வாங்க" என்ற சொல் அன்றைக்கு மட்டும் வராது.

சங்கிலியம்மாள் இரும்புத் தள்ளுவண்டியைத் தள்ளிக்கொண்டு நடந்தாள். அதுவும் ஒரு பக்கமாக இழுத்துக்கொண்டே போனது. உள்ளே குளிர் எலும்பைத் தொட்டது. பருப்பு மூட்டைகள் பக்கம் ஆள் இல்லாத இடமாகப் பார்த்து ராக்கையா வாயைத் திறந்தான்.

"மதினி, ஒன்னு சொன்னா கோவிச்சுக்கிறக் கூடாது."

"சொல்லுங்க தம்பி."

"அண்ணன் எழுதிக் குடுத்தத அப்பிடியே வாங்குனா யாரு உக்காந்து விக்கிறது? ஆடி பொறக்குறப்ப..." அவன் மீதியை விழுங்கினான். "அதுக்குப் பதிலா, ஆகப் போற செலவுக்கு இங்கனயே எடுத்துருவோம். அன்னைக்கு அவசரத்துல சின்னமனூருக்கு ஓடி, கேட்ட வெலயக் குடுத்து வாங்குறதுக்கு, இது எம்புட்டோ தேவல. என் வண்டியும் வந்துருக்கு. கார்டும் இந்த மாசத்தோட முடியுது."

அவனை அடிக்கலாம் போல இருந்தது சங்கிலியம்மாளுக்கு. ஆனால் அவன் சொன்னதில் ஒரு சொல்லும் தப்பில்லை. அதுதான் அவளுக்குத் தாங்கவில்லை. கையில் இருந்ததையெல்லாம் ஆஸ்பத்திரியில் கரைத்தாகிவிட்டது. கம்பத்தில் கட்டிக்கொடுத்த மகள் பவுனு கழுத்தில் கிடந்ததைக் கழற்றிக் கொடுத்துத்தான் இந்த மாசம் ஓடுகிறது. இருப்பதை வைத்து ஒன்றுதான் வாங்கலாம். ஆடிக்கு வாங்கினால், பிறகு அந்த நாளுக்குக் கையில் ஒன்றும் இருக்காது. அந்த நாளுக்கு வாங்கினால், வீட்டில் கட்டிலில் படுத்திருப்பவர் மூட்டையைப் பார்த்ததும் கண்டுபிடித்துவிடுவார். அவர் உயிரைப் பிடித்து வைத்திருப்பதே அந்த ஆடிதான். அதையும் பறித்துக்கொண்டால் நாளைக்கே முகம் திருப்பிப் படுத்துவிடுவார் என்று அவளுக்குத் தோன்றியது.

சிட்டையைப் பிரித்து வைத்துக்கொண்டு நின்றாள். எள்ளு. நல்லெண்ணெய். கற்பூரம். ஊதுபத்தி. படித்துக்கொண்டே வந்தவளுக்குத் திடீரென்று ஒன்று புலப்பட்டது. சனீஸ்வரனுக்கும் எள்ளுதான், செத்தவனுக்கும் எள்ளுதான். அங்கேயும் நல்லெண்ணெய், இங்கேயும் நல்லெண்ணெய். அரிசியும் பருப்பும் கடைக்கென்று சொல்லிக்கொள்ளலாம். இரண்டுக்கும் பொதுவானதை மட்டும் எடுத்தால் அவர் கண்ணுக்கு அது ஆடி. உண்மையில் அது எதற்குச் செலவாகும் என்பதை அவர் பார்க்கப்போவதில்லை. பந்து, பிஸ்கட்டெல்லாம் எங்கே என்றால், ஸ்டாக் இல்லையாம் என்று சொல்லிவிடலாம். இப்படி ஒரு யோசனை வந்ததற்காக அவள் ஒரு நிமிஷம் சந்தோஷப்பட்டாள். சந்தோஷப்பட்டோமே என்று உடனே தன்னையே வெறுத்தாள்.

எள்ளு பத்துக் கிலோ வண்டியில் ஏறியது. நல்லெண்ணெய் டின் ஏறியது. கற்பூரத்தில் பெரிய டப்பாவா சின்ன டப்பாவா என்று ஒரு கணம் தயங்கி, பழக்கத்தில் தேதியைத் திருப்பிப் பார்த்தாள். இரண்டு வருஷம் போட்டிருந்தது. எல்லாவற்றிலும் வருஷக்கணக்கில்தான் போட்டிருந்தார்கள். சோப்புக்கு மூணு வருஷம். உப்புக்குத் தேதியே இல்லை. இத்தனை பெரிய கடையில் ஒரு மாசத்தில் தீர்ந்து போகிறது என்று ஒன்றைக்கூடக் காணோமே என்று அவளுக்கு ஆத்திரமாக வந்தது. ராக்கையா இருபத்தைந்து கிலோ அரிசி மூட்டை ஒன்றையும் துவரம்பருப்பையும் தூக்கிப் போட்டான். போகிற போக்கில் பேப்பர் டம்ளர் பெட்டி ஒன்றையும் சேர்த்தான்.

"இது எதுக்கு?"

"டீ குடுக்க வேணாமா? பந்தலுக்குன்னு சொல்லிக்கலாம் மதினி."

பூஜைச் சாமான் வரிசையின் கடைசியில் மஞ்சள் குங்குமப் பெட்டிகள் இருந்தன. சின்னச் சின்னப் பாக்கெட்டுகள், ஒரு பெட்டிக்கு நூற்று நாற்பத்து நான்கு. சங்கிலியம்மாள் ஒன்றை எடுத்து வண்டியில் வைத்தாள். வீட்டில் குங்குமச் சிமிழ் காலியாகி ஒரு வாரமாகிறது. அடியைச் சுரண்டிச் சுரண்டி வைத்துக்கொண்டிருந்தாள். முந்தாநாளிலிருந்து பவுனு விட்டுப்போன ஸ்டிக்கர் பொட்டுதான். ஒரு சின்னப் பாக்கெட் இருந்தால் போதும். ஒன்று தரமாட்டார்கள்.

பெட்டியையே பார்த்துக்கொண்டு நின்றாள். ஒரு பாக்கெட்டுக்கு ஒரு வாரம் என்றாலும் நூற்று நாற்பத்து நான்கு வாரம். யார் நெற்றியில் வைக்க?

"அது வேணாம் மதினி" என்றான் ராக்கையா. அவன் கெட்ட எண்ணத்தில் சொல்லவில்லை. சரக்குப் பேச்சாகத்தான் சொன்னான். "தங்கிப் போகும்."

விற்காமல் கடையில் கிடக்கிற சரக்கைத்தான் அப்படிச் சொல்வார்கள். சங்கிலியம்மாள் பெட்டியை எடுத்து இருந்த இடத்திலேயே வைத்தாள். வண்டியைப் பில் போடுகிற பக்கமாகத் திருப்பினாள்.

பில் போடுகிற இடத்தில் ஜெபஷீலா என்று பேர் எழுதிய பட்டையைக் குத்திக்கொண்டு ஒரு பெண் உட்கார்ந்திருந்தாள். கார்டை மெஷினில் தேய்த்தவுடன் நிமிர்ந்தாள். "அம்மா, கார்டு முப்பதாம் தேதியோட முடியுது. இப்பவே ரினீவல் பண்ணிட்டா ஒரு வருசத்துக்குக் கவலையில்ல. சாருக்குக் கிஃப்ட் ஒன்னும் உண்டு."

"அடுத்த தடவ பாத்துக்கிறோம்" என்றாள் சங்கிலியம்மாள்.

மார்க்கையன்கோட்டைக்கு வண்டி வந்து சேர்ந்தபோது வெயில் சாய ஆரம்பித்திருந்தது. சாமான் இறங்குகிற சத்தம் கேட்டதும் கருத்தக்கண்ணன் கட்டிலில் எழுந்து உட்கார்ந்துவிட்டார். இரண்டு நாளாகத் தலையைத் தூக்காத மனுஷன். சட்டை தோளில் நிற்காமல் சரிந்தது. முகத்தில் மட்டும் கார்டில் இருக்கிற ஆள் கொஞ்சம் திரும்பி வந்த மாதிரி இருந்தது.

"இங்கன கொண்டாங்கடா, பாப்போம். எள்ளு என்ன எள்ளு? கருப்புதான?" ஒரு பிடியை அள்ளி முகர்ந்தார். "நல்ல எள்ளு. புது எள்ளு. ராக்கையா, பந்தக்காரன்ட்ட சொல்லிவச்சிரு. போன தடவ மாதிரி வடக்குப் பக்கம் வேணாம், தூசி."

"சொல்லிட்டேண்ணே" என்று ராக்கையா கூசாமல் பொய் சொன்னான். வண்டியை நிறுத்திவிட்டு வருகிறேன் என்று வெளியே போனவன், வெகுநேரம் திரும்பி வரவில்லை.

"பில்ல எடு புள்ள."

சங்கிலியம்மாள் சாமானைப் பற்றித்தான் யோசித்திருந்தாள். பில்லைப் பற்றி யோசிக்கவில்லை. எந்தக் கடையில் எதை வாங்கினாலும் அவர் முதலில் கேட்பது பில்தான் என்று இருபத்தாறு வருஷம் கூட இருந்தவளுக்குத் தெரியாதா? தெரியும். அன்றைக்கு மறந்துவிட்டது. முந்தானையில் முடிந்து வைத்திருந்ததை அவிழ்த்துக் கொடுத்தாள். அவர் தலையணைக்கடியில் இருந்து கண்ணாடியை எடுத்துப் போட்டுக்கொண்டார்.

முதல் வரியைப் பார்த்தார். எள்ளு.

அதற்கு அடுத்த வரியைப் பார்த்தார். பிறகு விரலை வைத்துக் கடைசி வரைக்கும் இறங்கினார். மறுபடி மேலே போனார். மறுபடி இறங்கினார். விரல் பேப்பர் டம்ளரில் வந்து நின்றது.

"மஞ்ச குங்குமம் இல்லையா?"

"ஸ்டாக் இல்லன்னாக."

"பிஸ்கட்டு?"

"அதுவும் இல்லன்னாக."

"கார்டு ரினீவல்?"

அவர் கண்ணாடியைக் கழற்றவும் இல்லை, அவளைப் பார்க்கவும் இல்லை. மஞ்சள் இல்லாத சிட்டையை யாராவது நீட்டினால் கடையில் எப்படிக் குனிந்துகொள்வாரோ அப்படியே குனிந்துகொண்டிருந்தார். வாசலில் பஸ் ஒன்று ஹாரன் அடித்துப் போயிற்று. எதிர்வீட்டில் யாரோ பிள்ளையைத் திட்டிக்கொண்டிருந்தார்கள். சங்கிலியம்மாள் கட்டில் காலைப் பிடித்துக்கொண்டு தரையில் உட்கார்ந்தாள். ஏதாவது கேட்டுவிட மாட்டாரா, கத்திவிட மாட்டாரா, பில்லைக் கிழித்து மூஞ்சியில் எறிய மாட்டாரா என்று இருந்தது அவளுக்கு.

"அரிசி ஒரு மூட பத்தாது" என்றார் கருத்தக்கண்ணன்.

அவள் நிமிர்ந்தாள்.

"கம்பத்துல இருந்தே ஒரு வேன் சனம் வரும். மார்க்கையன்கோட்டையில நம்மகிட்டச் சாமான் வாங்காத வீடு எது? ரெண்டு மூட வேணும். டம்ளர் எரநூறு போட்டுருக்கு, அதும் காணாது." குரலில் ஒன்றும் இல்லை. இன்னொருவன் வீட்டுக்குச் சாமான் கட்டித் தருகிற குரல். "எள்ளுதான் சாஸ்தி. அதுக்கு அரக்கிலோ போதும். பத்துக் கிலோவ என்ன செய்வ?"

"ஏங்க..."

"எம்புட்டு நாளு சொன்னாக?"

"ஆடிக்குள்ளன்னாக" என்றாள்.

"ஆடிக்குள்ளயா." அவர் மெல்லப் படுத்துக்கொண்டார். பிடியில் அள்ளிய எள்ளு இன்னும் உள்ளங்கையில் ஒட்டிக்கொண்டிருந்தது. அதை வேட்டியில் துடைத்தார். துடைத்த பிறகும் கையையே பார்த்துக்கொண்டிருந்தார். கண்ணில் இருந்து தண்ணீர் காதுப்பக்கமாக வழிந்தது. அவர் அதைத் துடைக்கவில்லை. சங்கிலியம்மாள் முந்தானையை வாயில் திணித்துக்கொண்டு அழுதாள். அவரை ஏமாற்றினோமே என்று அழுதாள். ஏமாற்றக்கூடத் தெரியவில்லையே என்று அதைவிடப் பெரிதாக அழுதாள். குங்குமப் பெட்டியை அங்கேயே வைத்துவிட்டு வந்த கையை வெட்டிப் போடலாம் போல இருந்தது.

அவர் தலையைத் திருப்பி அவள் முகத்தைப் பார்த்தார்.

"நெத்தியில என்ன, ஸ்டிக்கரா?"

"ம்."

"குங்குமம் தீந்துபோச்சா?"

"ஒரு வாரமாச்சு. அங்கன பொட்டியாத்தான் குடுப்பாக. அதான்..."

"பொட்டி எதுக்கு? நம்ம கடையில மேல கம்பியில சரம் தொங்கும். ஒன்னு கிழிச்சு எடுத்துட்டு வா." கொஞ்சம் நிறுத்திச் சொன்னார். "ஒன்னு போதும்."

ஒன்றரை மாசமாகத் திறக்காத கடைக்குள் அவள் நடுவாசல் வழியாகப் போனாள். எலி ஏதோ பருப்பைக் கடித்துச் சிந்தியிருந்தது. தராசுத் தட்டில் தூசி. மேலே கம்பியில் ஷாம்பு, பாக்குப் பொட்டலம், ஊறுகாய் எல்லாம் சரம் சரமாகத் தொங்கின. அவற்றுக்கு நடுவில் குங்குமச் சரம். கடை பூட்டிக் கிடந்ததில் அது அவள் நினைவுக்கே வரவில்லை. பாதிக்குமேல் கிழித்தது போக ஏழோ எட்டோ பாக்கெட் இருந்தது. ஸ்டூலைப் போட்டு ஏறினாள். அடியில் இருந்த ஒன்றைப் பிடித்துக்கொண்டு நின்றாள். கிழிக்கக் கை வரவில்லை. ஒன்று போதும் என்கிற அந்தக் குரல் கடைக்குள்ளும் கேட்டுக்கொண்டிருந்தது. இருபத்தாறு வருஷத்தில் சரக்கு விஷயத்தில் அவள் அவர் பேச்சை மீறியதே இல்லை. அன்றைக்கு மீறினாள். சரத்தை முழுசாகக் கம்பியில் இருந்து கழற்றிக்கொண்டு இறங்கினாள்.

கட்டிலுக்கு மேலே காலண்டர் மாட்டியிருந்த ஆணியில் சரத்தைத் தொங்கவிட்டாள். ஸ்டிக்கரைப் பிய்த்து எறிந்துவிட்டு, ஒரு பாக்கெட்டைக் கிழித்து நெற்றியில் பெரிதாக வைத்துக்கொண்டாள். கருத்தக்கண்ணன் அவளைப் பார்த்தார். ஆணியில் தொங்கியதைப் பார்த்தார்.

"தேதி பாத்தியா?"

அவள் சரத்தைத் திருப்பி, கண்ணைச் சுருக்கிப் படித்தாள். "அடுத்த வருசம் மாசி வரைக்கும் இருக்கு."

"அப்பச் சரி. நல்ல சரக்குதான்" என்றார் அவர்.